குறியும் குறியிடமும்

குறிக்கோள் என்ற சொல்லைக் கரும்பலகையில் பிரித்து எழுதினால் குறி ஒரு பக்கமும் கோள் ஒரு பக்கமும் நிற்கும். கோள் என்பது கொள்ளுதல். அதில் சிக்கல் ஏதும் இல்லை. குறி என்றதும் மாணவிகள் வில்லையும் அம்பையும் சொல்வார்கள். குறி பார்ப்பது, குறி தவறுவது என்று நாம் அன்றாடம் பேசுவது வேட்டைக்காரரின் மொழிதான். அகப்பாடல்களுக்கு வந்தபின் அதே சொல் வேறாகிவிடும். பகற்குறி, இரவுக்குறி என்று அங்கே வருவது, தலைவியும் தலைவனும் சந்திப்பதற்காகப் பேசிவைத்துக்கொண்ட இடம். எய்து வீழ்த்தும் புள்ளிக்கும் இருவர் வந்து சேரும் இடத்துக்கும் தமிழில் ஒரே பெயர்.

இதை இப்போது நான் கிளறுவதற்குக் காரணம் அலுவலகம். அதுவும் கட்டடமே இல்லாத அலுவலகம். கும்பகோணத்திலிருந்து ஒருத்தி, புனேயிலிருந்து ஒருவர், டொராண்டோவிலிருந்து இன்னொருவர் என்று அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்யும் மென்பொருள் நிறுவனங்கள் பெருகிவிட்டன. நான் பாடம் நடத்திய பெண்களில் பலர் இன்று இப்படித்தான் சம்பாதிக்கிறார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திராத அணிகளைச் சேர்த்து ஓட்டுவதற்கு இந்த நிறுவனங்கள் கையாளும் கருவிகளில் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறிக்கோள்களை எழுதிவைக்கும் முறை. ஓகேஆர் என்பார்கள். அடைய வேண்டியது ஒரு வாக்கியம்; அதை அடைந்தோமா என்று காட்ட அதன்கீழ் மூன்றோ நான்கோ விளைவுகள், பெரும்பாலும் எண்களாக. மேலாண்மைப் புத்தகங்களுக்கு இது ஓர் உத்தி. எனக்கு இதில் உறுத்துவது ஓர் அறக்கேள்வி. இரண்டு அணிகள் சேர்ந்து ஒரு குறிக்கோளை எழுதிக்கொள்ளும்போது, அந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் வேலை யாருடையது?

இதன் பிறப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1954இல் பீட்டர் டிரக்கர் எழுதிய மேலாண்மை நூலில், நோக்கங்களை முன்வைத்து நிர்வகிப்பது என்ற கருத்து வருகிறது. அந்த அத்தியாயத்தின் தலைப்பிலேயே தன்கட்டுப்பாடு என்ற சொல்லும் உண்டு. மேலே இருப்பவர் தலைக்கு மேல் நிற்காமல், வேலை செய்பவர் தன் நோக்கத்தை அறிந்து தன்னைத் தானே நடத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். பிறகு வந்தவர்களில் பலரிடம் நோக்கம் தங்கியது, தன்கட்டுப்பாடு உதிர்ந்துபோனது. இன்டெல் நிறுவனத்தில் ஆண்ட்ரூ குரோவ் அதைக் கூர்தீட்டினார். எங்கே போக விரும்புகிறேன், போய்க்கொண்டிருக்கிறேனா என்பதை எப்படித் தெரிந்துகொள்வேன் என்ற இரண்டு கேள்விகளாக அதைச் சுருக்கினார். அங்கே வேலை பார்த்த ஜான் டோயர் 1999இல் அதைக் கூகுளுக்குக் கொண்டுபோனார். அதன்பின் அது எங்கும் பரவிற்று.

குரோவ் 1983இல் வெளியிட்ட நூலில் இந்த முறையை விளக்க ஓர் உதாரணம் தருகிறார். உதாரண புருஷர் கொலம்பஸ். ஸ்பெயின் அரசியின் நோக்கம் நாட்டின் செல்வத்தைப் பெருக்குவது. அதற்குக் கீழே கொலம்பஸின் நோக்கம் கீழை நாடுகளுக்குப் புதிய வணிக வழி காண்பது. வழி கிடைக்கவில்லை. ஆனால் ஸ்பெயினுக்கு அளவில்லாத செல்வம் கிடைத்தது. ஆகவே அட்டவணையை எழுத்துக்கு எழுத்துப் பிடித்துத் தொங்காமல், இலக்கைத் தவறவிட்டவரையும் நன்றாகச் செய்தார் என்று மதிப்பிடத் தெரிய வேண்டும் என்பது குரோவ் சொல்லவரும் பாடம். மேலாளர்களுக்கு நல்ல பாடம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப்போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தத் தீவுகளில் ஏற்கெனவே வாழ்ந்திருந்த மக்கள், தங்கம் கொண்டுவரச் சொல்லி வதைக்கப்பட்டவர்கள், அட்டவணையின் எந்த வரியிலும் இல்லை. அரசிக்கு ஒரு வரி உண்டு, மாலுமிக்கு ஒரு வரி உண்டு. அந்த மனிதர் தேடிப் புறப்பட்டது நம்முடைய கரையை என்று நினைத்துப் பார்த்தால் அந்த உதாரணத்தின் சுவை இன்னும் மாறும். எவ்வளவு கிடைத்தது என்று கேட்கக் கற்ற அட்டவணை, யாரிடமிருந்து கிடைத்தது என்று கேட்கக் கற்கவில்லை.

இதனால் இந்த முறையே பெண்களுக்கு ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லவும் கூடாது. கட்டடம் உள்ள அலுவலகத்தில் முடிவுகள் எங்கே எடுக்கப்பட்டன என்று அங்கே வேலை பார்த்த பெண்களைக் கேளுங்கள். மீட்டிங் அறைக்கு வெளியே, சிகரெட் மூலையில், ஏழு மணிக்குமேல் டீக்கடையில். மறுநாள் காலை அந்த முடிவு பெண்களுக்கு அறிவிக்கப்படும். யார் எதற்குப் பொறுப்பு, எந்த அணி எதை நோக்கி ஓடுகிறது என்பதை எல்லோரும் படிக்கும்படி எழுதிவைப்பதில் ஒரு ஜனநாயகம் இருக்கிறது. மேலாளர் எழுதியதையும் நேற்றுச் சேர்ந்தவள் திறந்து பார்க்கலாம். முகம் பார்க்காமல், குரல் கேட்காமல் வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் திறப்பு உயிர்நாடி. பக்கத்து மேசையில் நடக்கும் பேச்சைக் காதில் வாங்கிக்கொள்ள அங்கே பக்கத்து மேசையே கிடையாது. எழுதப்படாதது நடக்கவே இல்லை என்பதுபோல ஆகிவிடுகிற உலகம் அது. அதனால்தான் எது எழுதப்படுகிறது, எது விடுபடுகிறது என்பது அங்கே உயிர்போகும் கேள்வி.

கிட்லாப் என்றொரு நிறுவனம் இருக்கிறது. தலைமையகம் கிடையாது, பல நாடுகளில் இருக்கும் ஊழியர்கள் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். தன் நிர்வாகக் கையேட்டை இணையத்தில் எவரும் படிக்கலாம் என்று திறந்து வைத்திருப்பது அதன் சிறப்பு. அந்தக் கையேடு ஒரு வேறுபாட்டைச் செய்தது. ஒவ்வொரு காலாண்டும் திரும்பத் திரும்ப நடக்கும் வேலைகளை அளக்க வேறு குறியீடுகள். இந்தக் காலாண்டில் எதை மாற்றப்போகிறோமோ அதற்கு மட்டும் ஓகேஆர். மிகத் தெளிவான பகுப்பு இது. மிக முக்கியமான வேலை திரும்பத் திரும்ப நடப்பதுதான் என்றும் அந்தக் கையேடு ஒப்புக்கொண்டது. ஆனால் கைதட்டல் எதற்கு விழும் என்பது நமக்குத் தெரியாதா? புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் உண்டு, அந்த வீட்டைத் தினம் பெருக்குவதற்குப் பத்திரிகை அடிப்பதில்லை. 1958இல் ஹன்னா அரெண்ட் மனிதச் செயல்களைப் பிரித்தபோது, உயிரை ஓட்டுவதற்காகச் செய்து செய்து கரைந்துபோகும் உழைப்பையும், செய்துமுடித்ததும் உலகில் ஒரு பொருளாக நிற்கும் வேலையையும் தனித்தனியே வைத்தார். முதலாவதை வீட்டுக்குள் வைத்தது பண்டைய கிரேக்கம். இரண்டு அணிகளை ஒட்டவைக்கும் உழைப்பு அந்த முதல் வகை. காலையில் ஒட்டினால் மாலையில் பிரியும், மறுநாள் மறுபடி ஒட்ட வேண்டும். காலாண்டின் முடிவில் எடுத்துக் காட்ட அதில் ஒன்றும் மிஞ்சாது.

கும்பகோணத்திலிருந்து ஒருத்தி என்றேனே, அவள் என் பழைய மாணவி. கணினி அறிவியல் படித்தாள். முதல் இரண்டு ஆண்டும் பகுதி ஒன்றில் என்னிடம் தமிழ் படித்தவள். இப்போது சிறு கடைகளுக்கு ரசீது போடும் மென்பொருளைச் செய்யும் நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர்களுக்கு உதவும் அணியில் இருக்கிறாள். நிறுவனத்தின் பெரிய குறிக்கோள், இருக்கிற வாடிக்கையாளர்களைத் தக்கவைப்பது. அதிலிருந்து ஒவ்வோர் அணியும் தன் குறிக்கோளை எழுதியது. நிரல் எழுதும் அணி, எண்பது விழுக்காட்டு வாடிக்கையாளர்களைப் புதிய பதிப்புக்கு மாற்றுவோம் என்று எழுதியது. உதவி அணி, புகாருக்குப் பதில் சொல்லும் நேரத்தை மூன்றில் ஒன்றாகக் குறைப்போம் என்று எழுதியது. தனித்தனியாகப் படித்தால் இரண்டும் நியாயம். சேர்த்துப் படித்தால் ஒன்று மற்றொன்றின் கழுத்தைப் பிடிக்கிறது. புதிய பதிப்புக்கு மாற்ற மாற்றப் புகார் பெருகும். பெருகிய புகாருக்கு விடை நிரல் எழுதியவர்களிடம் இருக்கிறது. அவர்கள் அட்டவணையிலோ பழைய பிழைகளைச் சரிசெய்வதற்கு வரி இல்லை.

நடுவில் போய் நின்றாள் இவள். எந்தப் புகார் மென்பொருளின் எந்தப் பகுதியிலிருந்து கிளம்புகிறது என்று நிரல்காரர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு பட்டியல் போட்டாள். டொராண்டோக்காரருக்குப் பகலாக இருக்கும் நேரம் பார்த்து இரவில் அழைத்துப் பேசினாள். புதிய பதிப்பு எந்த வாரம் எந்த ஊர்க் கடைகளுக்குப் போகிறது என்று முன்கூட்டியே கேட்டு வாங்கித் தன் அணியை ஆயத்தப்படுத்தினாள். விற்பனை அணி வாய்க்கு வந்தபடி வாக்குக் கொடுத்துவிடாமல் இருக்க அவர்களிடமும் பேசினாள். காலாண்டு முடிந்தது. நிரல் அணிக்கு மதிப்பெண் 0.9. உதவி அணிக்கு 0.7. அவளுக்குத் தனியாகப் போட்ட மதிப்பெண் 0.4, ஏனென்றால் அவள் தானே முடித்துவைத்த புகார்களின் எண்ணிக்கை குறைவு. எல்லோரோடும் இணைந்து பணியாற்றுகிறார், தன் இலக்குகளில் இன்னும் கவனம் தேவை என்று மேலே ஒரு குறிப்பு.

"உன்னை யாராவது செய்யச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. யாராச்சும் செய்யணும்ல."

இந்த யாராச்சும் என்ற சொல்லுக்குள் எப்போதும் ஒரு பெண் நிற்கிறாள். இதை மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. லிண்டா பாப்காக், மரியா ரெகால்டே, லிசே வெஸ்டர்லண்ட், லாரி வைன்கார்ட் என்ற நான்கு பெண் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட சோதனை இதைக் காட்டுகிறது. மூன்று மூன்று பேராகக் குழு சேர்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கணினித் திரை. குழுவில் மற்ற இருவர் யார் என்று தெரியாது. அறையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அழுத்தியவருக்கு 1.25 டாலர், மற்ற இருவருக்கும் 2 டாலர். ஒருவருமே அழுத்தாவிட்டால் ஆளுக்கு ஒரு டாலர்தான். ஆணும் பெண்ணும் கலந்த அறையில், பெண்கள் அழுத்துவது ஆண்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பெண்களுக்கு இயல்பாகவே தியாக மனம் என்று நீட்டி முழக்க ஆசைப்படுகிறவர்கள் அடுத்த பகுதியையும் படிக்க வேண்டும். ஆண்கள் மட்டும் இருந்த அறையிலும் பெண்கள் மட்டும் இருந்த அறையிலும் பொத்தான் ஏறக்குறைய ஒரே அளவில்தான் அழுத்தப்பட்டது. வேறு வழி இல்லை என்றால் ஆண்களும் அழுத்துகிறார்கள். அறையில் பெண் இருந்தால் அவள் அழுத்துவாள் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். நாமும் நம்மிடமிருந்து அதையே எதிர்பார்க்கப் பழகியிருக்கிறோம். இன்னொரு சோதனையில் ஒருவரை மேலாளராக்கி, யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டபோது, ஆண் மேலாளர்களும் பெண் மேலாளர்களும் அதிகமாகக் கேட்டது பெண்களிடம்தான்.

திரைக்குப் பின்னால் ஆள் தெரியாமல் உட்கார்ந்து, நடுவில் கிடக்கும் வேலைக்கு யார் கை நீட்டுவார் என்று பார்த்திருப்பது. வீட்டிலிருந்து வேலை செய்யும் நிறுவனத்துக்கு இதைவிடச் சரியான படம் கிடைக்காது.

வீட்டிலிருந்து என்கிறோம். அந்த வீடு யாருக்கு என்னவாக இருக்கிறது? இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் சொன்னது, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் அதே கணக்கெடுப்பு பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88 என்றது. ஐந்து ஆண்டில் நமக்குப் பத்து நிமிடம் குறைந்தது. அவர்களும் சளைக்காமல் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டுவிட்டார்கள். இவள் டொராண்டோவுக்குப் பேசிய அந்த ஒன்பதரை மணியில் ஒரு சமையலறை கழுவப்படாமல் காத்திருந்தது. அந்த அறையைக் கழுவுவது எவருடைய முக்கிய விளைவும் அல்ல.

இந்த முறையில் இன்னொரு நுட்பம் உண்டு. எட்டிவிடக்கூடியதை எழுதாதே, எட்டாததை எழுது, எழுபது விழுக்காடு அடைந்தால் அதுவே வெற்றி என்பது கூகுளில் வளர்ந்த மரபு. கேட்க அழகாக இருக்கிறது. தோல்விக்கு அஞ்சாதே என்று பெண்களிடம் யார் சொன்னாலும் எனக்குப் பிடிக்கும். ஆனால் எழுபது என்பது எல்லோர் கையிலும் ஒரே எழுபது அல்ல. மேலாளரோடு தினமும் அரட்டை அடிக்கிறவனுடைய எழுபது துணிச்சலாகப் படிக்கப்படும். மகப்பேறு விடுப்பு முடிந்து வந்தவளுடைய எழுபது, குழந்தை வந்தபின் கவனம் சிதறிவிட்டது என்று படிக்கப்படும். தோற்பதற்கும் ஒரு சேமிப்பு வேண்டும். அது எல்லோர் கணக்கிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. இதை அறிந்த பெண்கள் என்ன செய்கிறார்கள்? எட்டக்கூடிய சிறிய குறிக்கோளை எழுதி முழு மதிப்பெண் வாங்கப் பார்க்கிறார்கள். உடனே லட்சியம் போதாது என்று பெயர் வருகிறது.

சரி, நடுவில் நடக்கும் வேலையையும் குறிக்கோளாக எழுதி, அதற்கும் ஓர் எண் போட்டுவிட்டால் தீர்ந்ததா? கூட்டங்களில் பெண்ணியத் தோழிகள் சிலர் இப்படித்தான் கேட்கிறார்கள். எண்ணப்படாததால்தானே மதிக்கப்படவில்லை, எண்ணிவிடுவோம் என்று. நியூசிலாந்தின் மரிலின் வாரிங் 1988இல் தன் நூலில், நாடுகளின் கணக்கேட்டில் பெண்களின் உழைப்பு எப்படி இல்லாமல் போகிறது என்று காட்டியதிலிருந்து இந்தக் கோரிக்கைக்கு நீண்ட மரபு உண்டு. அந்த மரபின்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எண்ணத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைக் கல்லூரி ஆசிரியைகளாகிய நாங்கள் பார்த்திருக்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஏபிஐ என்ற புள்ளிமுறையைக் கொண்டுவந்தது. கட்டுரைக்குப் புள்ளி, கருத்தரங்குக்குப் புள்ளி. காசு வாங்கிக்கொண்டு கட்டுரை வெளியிடும் இதழ்கள் மழைக் காளான்போல முளைத்தன. அழுதுகொண்டு வந்த மாணவியோடு மாலை ஆறு மணிவரை மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆசிரியைக்கு எந்தப் புள்ளியும் இல்லை. மதிப்பீட்டுக் குழு வருகிற அன்று எங்களில் பலர் ஒரே நிறப் பட்டுப் புடவையில் பன்னீர்ச்செம்போடு வாசலில் நின்றோம், அதற்கும் இல்லை. அதற்குப் புள்ளி கொடுங்கள் என்று கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. கொடுத்திருந்தால் இன்னும் நிறையச் செம்புகள் வந்திருக்கும், அவ்வளவுதான்.

ஓர் அளவுகோலையே இலக்காக்கினால் அது நல்ல அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. பொருளியலாளர் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்னதை, மானுடவியலாளர் மரிலின் ஸ்டிராதர்ன் 1997இல் பல்கலைக்கழகங்களின் தணிக்கைகளைப் பற்றி எழுதும்போது இப்படிப் பொதுவாக்கினார். அணிகளுக்கிடையே ஒத்துழைப்பு என்று ஒரு வரி எழுதி, மாதத்துக்கு இத்தனை கூட்டுக் கூட்டங்கள் என்று எண் போட்டால் கூட்டங்கள் நடக்கும். ஒத்துழைப்பு நடக்குமா என்பது வேறு. என் மாணவி டொராண்டோக்காரரிடம் பேசியதில் மதிப்பானது எத்தனை அழைப்பு என்பதில் இல்லை. எந்தப் புகாரைச் சொல்லாமல் விட்டால் அவர் அந்த வாரம் தாங்குவார் என்று அவள் கணித்ததில் இருந்தது. அதற்கு எண் போட முடியாது.

இங்கேதான் எனக்குத் தோழி நினைவுக்கு வருகிறாள். வீட்டுக்கும் வெளிக்கும், தலைவிக்கும் தலைவனுக்கும், மகளுக்கும் தாய்க்கும் நடுவில் நிற்பவள் அவள். குறியிடம் எது என்று சொல்பவள், காவல் கடுமையானால் இடத்தை மாற்றுபவள், தலைவியை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டுத் தான் விலகிக்கொள்பவள். அல்லகுறிப்படுதல் என்றொரு நிலை உண்டு. தலைவன் செய்யும் ஒலிக்குறி என்று நினைத்துத் தலைவி வெளியே வருவாள். அது காற்றில் விழுந்த காயாக இருக்கும். திரும்பிப் போய்விடுவாள். பிறகு உண்மையாகவே அவன் வந்து குறி செய்யும்போது அவள் வரமாட்டாள். இருவர்மேலும் குற்றம் இல்லை, ஆனாலும் சந்திப்பு நடக்கவில்லை. ஒரு காலாண்டு முழுவதும் இப்படியே காயையும் குறியையும் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கும் அணிகளைப் பற்றி என் மாணவி சொன்னபோது, இதற்குத் துறை வகுத்து வைத்திருக்கிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு அறத்தொடு நிற்றல். தலைவியின் காதலைத் தோழி செவிலியிடம் சொல்ல, செவிலி நற்றாயிடம் சொல்ல, நற்றாய் தந்தைக்கும் தமையருக்கும் உணர்த்த, செய்தி ஒவ்வொரு படியாக ஏறும். எந்தப் படியில் எதை எப்படிச் சொல்வது என்று ஒவ்வொருத்தியும் அறிந்திருக்கிறாள். முடிவெடுப்பது ஆண்கள். செய்தியை நசுங்காமல் அங்கே கொண்டுசேர்ப்பது நான்கு பெண்கள்.

அகப்பாட்டில் யாருக்குமே பெயர் கிடையாது, தோழிக்கும் இல்லை. ஆனால் இலக்கணம் அவளை விட்டுவிடவில்லை. தொல்காப்பியம் அவள் எந்தெந்தச் சூழலில் பேசலாம் என்று தனியே நூற்பா எழுதுகிறது. அவள் பேச்சுக்குக் கூற்று என்று இடம் ஒதுக்குகிறது. எவ்வளவு நன்றாகத் தூது போனாள் என்று மதிப்பெண் போடவில்லை. அவள் வேலை ஒரு வேலை, அதற்கு இத்தனை இடம் என்று எழுதிவைத்தது. அளப்பதற்கும் ஒதுக்குவதற்கும் உள்ள தூரம் இதுதான். நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியதும் இந்த இரண்டாவதை என்று நினைக்கிறேன். நடுவில் நிற்பது ஒரு வேலை என்று எழுதுங்கள். யார் நிற்கிறார் என்று எழுதுங்கள். அதற்காக அவருடைய மற்ற சுமையிலிருந்து எத்தனை மணி நேரம் கழிக்கப்படுகிறது என்று எழுதுங்கள். எண் தேவையென்றால் அந்த மணிக்கணக்கு ஒன்று போதும்.

தோழியைப் புகழ்ந்து பாடுவதிலும் ஆபத்து இருக்கிறது என்று அறிவேன். அவளுக்கென்று ஒரு காதல் உண்டா, ஒரு பகற்குறி உண்டா என்று எந்தப் பாட்டும் கேட்கவில்லை. செவிலியின் மகள் அவள். பிறப்பிலேயே அந்த வீட்டுக்கு ஊழியம் செய்யும் இடத்தில் வைக்கப்பட்டவள். அவளுடைய சாமர்த்தியத்தை எத்தனை ஆய்வேடுகள் வியந்தாலும், அவளை அந்த இடத்திலிருந்து எழுந்துபோகச் சொன்னது ஒன்றும் என் கண்ணில் படவில்லை. நீங்கள்தான் இந்த அணியின் பசை என்று பெண்களைப் பார்த்துச் சொல்லும் மேலாளரின் பாராட்டும் அதே ஊரைச் சேர்ந்தது. பசைக்குப் பதவி உயர்வு கிடையாது. அதனால் நடுவில் நிற்கும் வேலை ஆள் மாறி ஆள் சுற்றி வர வேண்டும். இந்த மாதம் நீ, அடுத்த மாதம் அவன். கூட்டம் வைக்கும் நேரமும் அப்படியே. எப்போதும் கும்பகோணத்துக்கே இரவுக்குறி என்றால் எப்படி?

இயலாது என்று சொல்லும் உரிமையும் இதில் சேர்த்தி. குறிக்கோள்களை எழுதும் வாரத்தில், எந்த அணிக்கு மற்ற எந்த அணியிடமிருந்து என்ன வேண்டும் என்று எழுதி, அந்த அணி ஏற்றேன் என்றோ இயலாது என்றோ பதில் எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சிறிய விஷயம்போலத் தெரியும். ஆனால் இயலாது என்று எழுத ஒரு கட்டம் இருந்தால்தான் ஏற்றேன் என்பது வாக்குறுதி ஆகும். மறுக்க வழியில்லாத இடத்தில் சம்மதம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் நானும் அவளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பேசினோம். அடுத்த காலாண்டுக்கு நிரல் அணிக்கும் உதவி அணிக்கும் சேர்த்து ஒரே குறிக்கோளை அவள் எழுதிக் கொடுத்தாள்: புதிய பதிப்புக்கு மாறும் கடை ஒரு நாள்கூட ரசீது போட முடியாமல் நிற்கக்கூடாது. அதன்கீழ் இரு அணிகளுக்கும் விளைவுகள். அவற்றின்கீழ் எண் இல்லாமல் ஒரு வரி, இரண்டு அணிகளுக்கும் நடுவில் நிற்பவர் என்று. முதல் மாதம் தன் பெயர், இரண்டாம் மாதம் புனேக்காரர், மூன்றாம் மாதம் டொராண்டோக்காரர். ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் மற்ற வேலையிலிருந்து கழிவு.

குறிக்கோளை ஏற்றார்கள், பாராட்டினார்கள்கூட. பெயர்களையும் ஏற்றார்கள். ஐந்து மணி நேரத்தை மட்டும் ஏற்கவில்லை. இது தனியாக நேரம் ஒதுக்கிச் செய்கிற வேலையா, போகிற போக்கில் நடப்பதுதானே என்று நிரல் அணித் தலைவர் கேட்டாராம். நேரம் எழுதாமல் என் பெயரை எழுத வேண்டாம் என்று அவள் தன் பெயரை நீக்கிவிட்டாள். மற்ற இருவரும் நீக்கிக்கொண்டார்கள். காலாண்டு தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. அந்த வரி வெறுமையாகவே இருக்கிறது.

"இப்ப நடுவுல யாரும்மா நிக்கிறா?" என்று போன வாரம் கேட்டேன்.

"யாரும் நிக்கலம்மா. புகார் வந்துக்கிட்டே இருக்கு. என் வேலைய மட்டும் பார்க்கிறேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். திண்டுக்கல் பக்கம் தையற்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவுக்கு இரண்டு நாளாக ரசீது வரவில்லை என்றாள். தீபாவளித் துணி வாங்க வந்தவர்களுக்கு நோட்டில் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களாம். பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்று இவளுக்குத் தெரியும். டொராண்டோவில் யாரைக் கேட்க வேண்டும் என்றும் தெரியும். அப்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.